இடப்பக்கம் மட்டும்

என் வயலின் வகுப்பு நோட்டில் ஒரு பொய்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். நான் எழுதியதெல்லாம் உண்மை. அந்த உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், அதைக் கொண்டே ஒருவருடைய இருபத்தாறு வருட வேலையை ஒன்றுமில்லை என்று ஆக்கப் பார்த்தார்கள்.

பகலில் எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே எல்லாவற்றுக்கும் மணி எழுத வேண்டும். ஊசி குத்திய மணி, குப்பியை இயந்திரத்தில் வைத்த மணி, வெளியே எடுத்த மணி. மூன்று வருடமாக இப்படி எழுதி எழுதி, வீட்டில் அம்மா குக்கரை அடுப்பில் வைத்தால்கூட என் கண் கடிகாரத்துக்குப் போகும். "இவளைக் கட்டிக்கப் போறவன் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்" என்பான் தம்பி.

செவ்வாய், வியாழன் மாலை ஆறு முதல் ஏழு வரை இசைப் பள்ளியில் பெரியவர்களுக்கான வயலின் வகுப்பு. சேர்ந்த அன்றே ஒரு நோட்டு வாங்கி, எல்லாப் பக்கத்துக்கும் மேல் மூலையில் எண் போட்டேன். முதல் பக்கத்தில் என் பெயர். இரண்டிலிருந்து வகுப்பு. நோட்டைத் திறந்தால் இடப்பக்கத்தில் அன்று நடந்தது, மணியோடு. எதிரே வலப்பக்கத்தில் எனக்குப் புரிந்தது. இடப்பக்கத்தை எழுதப் பயமில்லை, கடிகாரம் சாட்சி. வலப்பக்கத்துக்கு நான் மட்டும்தான் சாட்சி. அதனால் அங்கே அடித்தல் திருத்தல் அதிகம்.

பள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. கீழே குழாய்ச் சாமான் கடை. எங்கள் அறை இரண்டாம் மாடியில். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். பாட்டுப் புத்தகம் வைக்கும் தாங்கிகளில் பாதிக்குத் திருகாணி கிடையாது, ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தியிருப்போம். நாங்கள் பதினோரு பேர். எனக்கு இந்தப் பக்கம் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா, அந்தப் பக்கம் லாரி ஆபீஸ் அண்ணன்.

சொல்லித்தருபவரைப் பள்ளி முழுக்க பெரிய டீச்சர் என்பார்கள். பள்ளிக்குத் தலைவரும் அவர்தான். முந்நூற்று நாற்பது பிள்ளைகள், ஒன்பது ஆசிரியர்கள், அதற்கு மேல் எங்களையும் யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் வயலினைத் தோளில் வைத்ததும் நான் வில்லை இழுக்கப் போனேன்.

"இழுக்காதே. தந்தி மேல வை. வெச்சுட்டு அப்படியே நில்லு."

"எவ்ளோ நேரம் டீச்சர்?"

"உன் கட்டைவிரல் இறுகியிருக்கு பாரு. அது விடற வரைக்கும்."

அது விடவில்லை. அன்று மட்டுமல்ல, ஐந்து வாரம் விடவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் முக்கால்வாசி நேரம் பதினோரு பேரும் வில்லைத் தந்தியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்போம். டீச்சர் ஒவ்வொருவரிடமாக வந்து முழங்கையைக் கீழிருந்து தாங்குவார், தோளைத் தட்டுவார், சுண்டுவிரலை வளைத்துவிடுவார்.

"டீச்சர், நான் இப்படி நாப்பது நிமிஷம் சும்மா நின்னா எங்க முதலாளி சீட்டைக் கிழிச்சிடுவார்" என்றார் லாரி ஆபீஸ் அண்ணன்.

"நீங்க சும்மாவா நிக்கறீங்க? தோளைப் பாருங்க, லோடு ஏத்தின மாதிரி நிக்குது. இறக்குங்க."

அவர் ஏன் இப்படிச் சொல்லித்தருகிறார் என்பதை நர்ஸ் அக்காதான் எனக்குச் சொன்னார். இருபதாவது வயதில் டீச்சர் வானொலியின் வாத்தியக் குழுவில் சேர்ந்திருக்கிறார். கடைசி வரிசையில் ஆரம்பித்து, பதினோரு வருடத்தில் முன்வரிசையின் இரண்டாம் நாற்காலிவரை வந்துவிட்டார். முப்பத்தொன்றில் கழுத்தும் வலது தோளும் பிடித்துக்கொண்டன. சின்ன வயதில் பிடித்த தப்பான பிடி, இருபத்து நாலு வருடம் சேர்ந்து அடித்தது.

"எங்க வார்டுக்குத்தான் வந்தாங்க. தலை சீவ முடியல, நான்தான் சீவிவிட்டேன். பெரிய டாக்டர் வந்து, இனிமே வயலினை மறந்துடும்மான்னு சொல்லிட்டுப் போனார். இவங்க என்கிட்ட, ஒரு பென்சில் குடுங்க சிஸ்டர்ன்னாங்க. லெட்டர் எழுதப் போறாங்கன்னு நெனச்சேன். பென்சிலை வில்லு மாதிரி பிடிச்சுக்கிட்டு, படுத்தபடியே விரலைத் தளர்த்திப் பார்த்துக்கிட்டிருந்தாங்க."

ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் வானொலியில் அவருடைய நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இந்தப் பள்ளியில் ஒரு ஆசிரியை மூன்று மாத விடுப்பில் போக, அந்த இடத்துக்கு வந்தவர் இருபத்தாறு வருடமாக இங்கேயே இருக்கிறார். கடைசிப் பதின்மூன்று வருடம் தலைவராக. அவரிடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் கை போனதில்லை என்றார் நர்ஸ் அக்கா. இதை நான் பதினேழாம் பக்கத்தில் எழுதினேன். பதினேழு வலப்பக்கம்.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, பள்ளியின் செயலாளர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். எப்போதும் சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருக்கும் மனிதர். பேச்சு வெண்ணெய்.

"உங்க நோட்டைப் பத்திக் கேள்விப்பட்டேம்மா. இவ்ளோ ஒழுங்கா ஒரு மாணவி எழுதறாங்கன்னா அது பள்ளிக்கே பெருமை. ரெண்டு நாள் குடுங்க, நிர்வாகக் குழுவுல காட்டணும்."

என்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒழுங்காக எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள், தப்பாக எழுதினால்தான் கூப்பிடுவார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எதற்கு என்று கேட்கவில்லை. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. அங்கேயே பையைத் திறந்து கொடுத்தேன். சொன்னபடி இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்தார், தன் நாலு பேனாவில் ஒன்றைப் பரிசாகவும் வைத்து.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். பள்ளியின் கல்வித் தரம் பற்றிய அறிக்கை. பின்னால் ஒரு கத்தை நகல், எல்லாம் என் கையெழுத்து.

"நாற்பத்து மூன்று வகுப்புகளில் மொத்தம் 1,612 நிமிடங்கள் வயலின் வாசிக்கப்படவே இல்லை. ஒன்பது முறை பள்ளித் தலைவர் பாடவேளையின் நடுவில் வகுப்பை விட்டு வெளியேறியுள்ளார். இவை மாணவி ஒருவரின் அன்றாடக் குறிப்புகளிலிருந்து பெறப்பட்டவை (இணைப்பு). ஆகவே தலைமைப் பொறுப்பில் மாற்றம் தேவை என்று குழு கருதுகிறது."

அன்று வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 1,612 சரிதான். அதில்கூடத் தப்பு செய்யவில்லை பாவிகள்.

"எதுக்காம் மாற்றம்?" என்று நான் வகுப்பில் கேட்டிருந்தேன்.

"நிர்வாகக் குழுத் தலைவரோட மாப்பிள்ளை வெளிநாட்டுல வயலின் படிச்சுட்டு வந்திருக்கார்ல? அவரை எங்கியாவது உக்கார வைக்கணும்ல? உக்காரணும்னா நாற்காலி காலியாகணும்ல?" என்றார் நர்ஸ் அக்கா. நிர்வாகக் குழுவின் தலைவர் சிமெண்ட் வியாபாரி. அவருக்கு இசையில் தெரிந்தது கைதட்டுவது மட்டும், அதையும் பாட்டு முடிவதற்கு முன்பே தட்டிவிடுவார்.

மறுநாள் வேலைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு டீச்சர் அறைக்குப் போனேன். ஒரு குழந்தையின் சின்ன வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நோட்டு வெச்சிருக்கியா? ஜூன் பன்னண்டு எடு. என்ன எழுதியிருக்கே?"

"6.20 வெளியே போனார். 6.34 திரும்பினார்."

"எங்க போனேன்?"

"தெரியாது டீச்சர்."

"கேட்டியா?"

"இல்ல."

"மேல மூணாவது மாடில ஒரு பொண்ணு, மறுநாள் மேடைல வாசிக்கணும்னு பயந்துபோய் பாத்ரூம்ல தாழ் போட்டுக்கிட்டா. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்து பேசினேன். பதினாலு நிமிஷம் ஆச்சு. நீ சரியாத்தான் எழுதியிருக்கே."

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும், அது இன்னும் அசிங்கம் என்று அடக்கிக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க டீச்சர்."

"அது கெடக்கட்டும். அஞ்சு மாசமா எழுதறே, என்கிட்ட ஒரு நாள் காட்டினதில்ல. அவர் கேட்டதும் குடுத்துட்டே. ஏன்?"

"நல்லா எழுதறேன்னு சொன்னார்."

"நான் சொன்னதில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல டீச்சர்."

தந்தியை முறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "சரி. அது என் தப்பு" என்றார். பிறகு, "போ. சனிக்கிழமை கூட்டம். நீ வரவேண்டியதில்ல" என்றார். கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்த இணைப்பை மறுபடி புரட்டினேன். தேதி பார்க்கத்தான் புரட்டினேன். மூலையில் என் எண்கள். 2, 4, 6, 8. கடைசித் தாள் 86. நாற்பத்து மூன்று தாள், எல்லாம் இரட்டைப்படை. நோட்டை விரித்து நகல் எடுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் விழும். ஒற்றைப்படைப் பக்கம் ஒன்றுகூட விழாமலிருக்க வேண்டுமானால், நாற்பத்து மூன்று தடவை வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடியிருக்க வேண்டும். நாற்பத்து மூன்று தடவை கை தவறாது. எங்கள் கூடத்தில் இரண்டு குப்பி மாறினாலே விசாரணை வைப்பார்கள்.

இதுவரை என் மேல் இருந்த கோபம் அப்போதுதான் இடம் மாறியது. "சோறு ஆறுதுடி" என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு முதல் மாடிக் கூடத்தில் கூட்டம். இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு ஏழு பேர். நடுவில் சிமெண்ட் தலைவர், பக்கத்தில் செயலாளர், ஓரத்தில் பழைய பாங்க் மேனேஜர் ஒருவர். மாப்பிள்ளை முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், சாதுவான முகம். மாலை வகுப்புப் பதினோரு பேரும் பின்னால் நின்றோம். நாற்காலி போடவில்லை.

செயலாளர் அறிக்கையைப் படித்தார். நிமிடக் கணக்கு வரும் இடங்களில் நிறுத்தி, ஏழு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மேலே படித்தார்.

"என்ன டீச்சர், இதெல்லாம் நடந்ததா இல்லையா?" என்றார் தலைவர்.

"நடந்தது. அந்தப் பொண்ணு எழுதினது ஒவ்வொண்ணும் சரி."

"பாருங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார் செயலாளர்.

உண்மையைச் சொல்பவரிடம் உண்மையைக் கேட்டு வாங்கி, அதையே குற்றப் பத்திரிகையாக்குவது என்ன நியாயம்? ஒரு நிமிடம் முன்புவரை நான் பேசப் போவதாக இல்லை. தடுமாறுவேன், எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுப்பேன் என்று எனக்கு என்னைத் தெரியும். ஆனால் வாய் திறந்துவிட்டது.

"அது என் நோட்டு. பாதி நோட்டைத்தான் காட்டியிருக்கீங்க."

"பார்வையாளருக்குப் பேச அனுமதி இல்லம்மா" என்றார் தலைவர்.

"பக்க எண்ணைப் பாருங்க சார். மூலையில இருக்கு. எல்லாம் இரட்டைப்படை."

தலைவர் பார்க்கவில்லை. பாங்க்காரர் பார்த்தார். எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளினார்.

"ஒற்றைப்படை எங்க சார்?" என்று செயலாளரைக் கேட்டார்.

"அது... அதெல்லாம் அந்தப் பொண்ணோட சொந்த உணர்ச்சிங்க. தகவல் மட்டும் போதும்னு எடுத்தேன்."

"எது தகவல், எது உணர்ச்சின்னு நீங்களே பிரிச்சுட்டீங்களா? படிம்மா, ஏதாவது ஒண்ணு."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். திறந்த பக்கத்தைப் படித்தேன். முப்பத்தொன்பது. "கட்டைவிரல் இன்று மூன்று முறை மட்டுமே இறுகியது. நாள் முழுக்க ஊசி பிடித்து இரண்டு வருடமாக வலிக்கும் மணிக்கட்டு பத்து நாளாக வலிக்கவில்லை. டீச்சர் சொல்லித்தருவதாலா என்று உறுதியாகத் தெரியவில்லை. நானாக நினைத்துக்கொள்கிறேனோ. இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டு எழுத வேண்டும்." அடுத்தது நாற்பத்தைந்து. "வலிக்கவில்லை."

பாங்க்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க வெளிநாடு போய்ப் படிச்சவர். எனக்கு இது தெரியாது, சொல்லுங்க. வில்லை இழுக்காம வெச்சுக்கிட்டு நிக்கறது பாடமா, இல்ல நேரத்தை ஓட்டறதா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"பாடம்தான் சார். என்னையும் ஒரு வருஷம் நிக்க வெச்சாங்க."

"நீ ஏன்ப்பா நடுவுல?" என்றார் தலைவர்.

"அவர்தான கேட்டார் மாமா."

பின்னால் லாரி ஆபீஸ் அண்ணன், "லோடு இறங்கிடுச்சு" என்று முணுமுணுத்தார். நர்ஸ் அக்கா அவர் காலை மிதித்தார்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எவ்வளவு அசடு நான். தலைவர் அறிக்கையை அப்படியே மூடி ஓரமாகத் தள்ளினார், ஏதோ எச்சில் தட்டைத் தள்ளுவதுபோல. மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"அறிக்கையை விடுங்க. டீச்சருக்கும் வயசு அம்பத்தொம்போது ஆகுது. ஓய்வு எடுக்கட்டுமே. ராஜினாமாக் கடிதம் டைப் அடிச்சே வெச்சிருக்கோம், உங்களுக்குச் சிரமம் வேணாம்னு."

செயலாளர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

டீச்சர் கடிதத்தை முழுக்கப் படித்தார். மேசையில் வைத்தார். பேனாவைத் தொடவில்லை.

"நான் ராஜினாமா பண்ணல. உங்களுக்கு நான் வேணாம்னா நீக்குங்க. என்ன காரணம்னு எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு நீக்குங்க."

"அவ்ளோ தூரம் போகணுமா?"

"இந்தப் பொறுப்புல நான் பதின்மூணு வருஷ தூரம் வந்திருக்கேன். நீங்க ஒரு வரி எழுதுங்க."

பாங்க்காரர் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். "சொல்லுங்க, எழுதறேன். காரணம்?"

"நிர்வாகக் காரணம்னு போடுங்க" என்றார் தலைவர்.

"அது காரணம் இல்லங்க, வெறும் உறை. உள்ள என்ன இருக்கு?"

ஒருவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் மின்விசிறியைப் பார்த்தார். இந்த ஏழு பேரும் சில நாள் முன்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள். அப்போது அத்தனை தெளிவாக இருந்த காரணம் இப்போது எங்கே போயிற்று?

கடைசியில் தலைவர் சிரித்தார். பெரிய மனிதர்கள் இறங்கிவரும்போது சிரிக்கும் சிரிப்பு. "சரி, சரி. எழுதுங்க. நடந்ததை மறந்து, அவர் பணியில் தொடரக் குழு பெருந்தன்மையுடன் அனுமதிக்கிறது. போதுமா டீச்சர்? வாங்க, கையெழுத்துப் போடுங்க."

எங்கள் வரிசையில் யாரோ கைதட்டப் போனார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

"பெருந்தன்மை எதுக்கு?"

"ஒரு மரியாதைக்குங்க."

"யாருக்கு மரியாதை? அடிங்க அதை."

பாங்க்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கையை விரித்தார். பேனா அந்தச் சொல்லின் மேல் ஓடியது.

"நடந்ததை மறந்துன்னு இருக்கே, யார் மறக்கறது?"

அதையும் அடித்தார்.

"குழு அனுமதிக்கிறதுன்னு ஏன்? நான் எங்கியும் போகல. இங்கதான இருக்கேன்."

"டீச்சர், ஒவ்வொரு வார்த்தைக்குமா?" என்றார் தலைவர். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"என் பேருக்குக் கீழ வர்ற வார்த்தை இது. உங்க அறிக்கைல நிமிஷம் நிமிஷமா எண்ணினீங்க. நான் வார்த்தை வார்த்தையா எண்ணறேன்."

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். தோள் தாழ்ந்து, கைகள் தளர்ந்து, எங்களை நிற்கச் சொல்வாரே, அதேபோல. பாங்க்காரர் அடித்து முடித்து, 'தொடர' என்பதைத் 'தொடர்கிறார்' என்று நீட்டிவிட்டு, மிச்சத்தைச் சத்தமாகப் படித்தார்.

"அவர் பணியில் தொடர்கிறார்."

டீச்சர் தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அடித்த மூன்று இடத்திலும் தனித்தனியாகச் சுருக்கொப்பம் வைத்தார். புத்தகத்தைச் செயலாளரிடம் கொடுக்காமல் பாங்க்காரரிடம் கொடுத்துவிட்டு, எங்களைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

கூடம் கலைந்தது. ஏழு பேரில் ஒருவர்கூட, தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செயலாளர் என்னைக் கடக்கும்போது, "நல்லாப் பேசினீங்கம்மா" என்றார், அதே வெண்ணெய்க் குரலில். தலைவர் மாப்பிள்ளையிடம், "ரெண்டு வார்த்தைக்கு இவ்ளோ பிடிவாதம் பிடிக்கிறவங்களை வெச்சு எப்படிப் பள்ளி நடத்தறது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார்.

நர்ஸ் அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கீழே போகிறவருக்குக் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு இல்லீங்க. அடிச்சது ஆறு."

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். திருத்த வாயெடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.